சிவப்புக் குறி கோடைக்கு அல்ல

ஓஸ்லோவில் சோங்ஸ்வான் ஏரியிலிருந்து காட்டுக்குள் இருக்கும் உல்லெவோல்செட்டர் என்ற இடத்துக்குச் சிவப்புக் குறிகளைப் பிடித்து நடந்து, முழங்கால்வரை சேற்றில் இறங்கியதாக எழுதியிருந்தீர்கள். நகரை ஒட்டிய அந்த நூர்மார்க்கா காட்டில் சிவப்பு என்றால் பனிச்சறுக்குத் தடம். குளிர்காலத்தில் சதுப்பும் குளமும் உறைந்துவிடும், தடம் அவற்றின் மேலேயே போகும். கோடையில் நடக்க மரத்தண்டில் பூசிய நீலக் குறிதான். இரண்டு நிறமும் ஒன்றாகப் போய்ப் பிரிகிற இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். அங்கே நின்று, அடுத்த நீலம் கண்ணில் பட்ட பிறகே நகருங்கள். மழைக்குப் பின், சதுப்பின் மேல் நடக்கப் போட்ட பலகைகள் பாசியாய் வழுக்கும். பாதத்தை முழுதாகப் பதித்து, சிறு அடியாக வையுங்கள். பளிச்சென்ற பச்சைப் பாசியில் மட்டும் மிதிக்காதீர்கள், அடியில் தண்ணீர். குழந்தைகள் உடன் வந்தால் ஏரியைச் சுற்றும் 3.3 கி.மீ. சரளைப் பாதையே போதும், அருமையான நடை. வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பில் உண்ணி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.