கிலோமீட்டரை ஏலம் விடுங்கள்

அன்புள்ள அண்ணாச்சி,

நாங்கள் நாகர்கோவிலில் ஒன்றாகப் படித்த பத்துப் பதினைந்து பேர். புற்றுநோய், பக்கவாதம் என்று வீட்டிலேயே படுத்துவிட்டவர்களைத் தேடிப்போய்ப் பார்க்கிற ஒரு வலி தணிப்பு சிகிச்சைக் குழு எங்கள் பக்கம் இருக்கிறது. நர்ஸ்களின் வண்டிச் செலவு, புண்ணுக்குக் கட்டுப்போடும் சாமான், வாட்டர் பெட் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. அவர்களுக்காக நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி வரை நடக்கப் போகிறோம். அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை உலக வலி தணிப்பு சிகிச்சை நாள் என்பதால் அன்றைக்கே வைத்திருக்கிறோம். வாட்ஸ்அப்பில் கியூஆர் கோடு போட்டோம். கைகூப்பும் எமோஜிதான் நிறைய வந்தது, பணம் வரவில்லை. டிஷர்ட் அடித்து விற்கலாம் என்கிறான் ஒருவன். ஸ்மார்ட்போனைப் பரிசாக வைத்துக் குலுக்கல் சீட்டு போடலாம் என்கிறாள் ஒருத்தி. புதுசாக ஏதாவது வழி உண்டா?

ப., கோட்டாறு

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தக் குலுக்கல் சீட்டை விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் கேரள அரசாங்கமே சீட்டு விற்கிறது என்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் சட்டம் வேறு. நல்ல காரியத்துக்குத்தான் என்று போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க முடியாது. டிஷர்ட்டும் வேண்டாம். அடித்தவருக்குப் பணம், உங்களுக்கு மிச்சம் வந்த எக்ஸெல் சைஸ்.

உங்கள் கடிதம் முழுக்க நடக்கிறவர்களைப் பற்றியே இருக்கிறது. கொடுக்கிறவர் என்ன செய்வார் என்பது எங்குமே இல்லை. வெளிநாட்டில், ‘நீ நடக்கிற ஒவ்வொரு மைலுக்கும் இவ்வளவு தருகிறேன்’ என்று மாமாவும் பக்கத்து வீட்டுக்காரரும் எழுதிக்கொடுப்பார்கள். அங்கே நடப்பது ஒரு சாதனை. நம் மாவட்டத்தில் அது எடுபடுமா? சிவராத்திரிக்கு முன்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களுக்கும் ‘கோபாலா, கோவிந்தா’ என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். நீங்கள் நடக்கப்போவது இருபது. அதைச் சொல்லிக் காசு கேட்டால் நம் ஆச்சிமார் சிரிப்பார்கள்.

ஆனால் அதே சிவாலய ஓட்டத்தில் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். வழிநெடுக மோரும் சுக்குக்காப்பியும் கஞ்சியும் வைத்துக்கொண்டு ஜனங்கள் காத்து நிற்பார்கள். ஓடுகிறவர் யார், எவர் என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஓட்டத்தில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும், அவ்வளவுதான். கியூஆர் கோடு அந்தப் பங்கைத் தருவதில்லை.

அதனால் நான் சொல்வது, கிலோமீட்டரை ஏலம் விடுங்கள்.

சர்ச்சுகளில் அறுப்பின் பண்டிகை ஏலம் பார்த்திருப்பீர்கள். ஒரு ஏத்தன் வாழைக்குலை, ஒரு சக்கைப்பழம், காலைக் கட்டிப்போட்ட ஒரு சேவல். சந்தையில் என்ன விலை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கேள்வி ஏறிக்கொண்டே போகும். கீழத்தெருக்காரன் கேட்டுவிட்டானே என்று மேலத்தெருக்காரன் கேட்பான். எடுத்தவர் சில சமயம் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், அது இரண்டாம் தடவை ஏலத்துக்கு வரும். ஒரே குலை இரண்டு விலைக்குப் போகும். கோயில் கொடைகளிலும் இதே கதைதான். வீட்டில் போய்க் கேட்டால் நூறு ரூபாய்க்கு யோசிக்கிற மனிதர் ஏலத்தில் ஆயிரத்துக்குக் கையைத் தூக்குகிறார். பக்தியும் உண்டு, வீம்பும் உண்டு. வீம்பை நான் குறைவாக மதிக்க மாட்டேன். எத்தனையோ கோயில்களுக்குக் கூரை போட்டது அதுதான்.

நடைக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருபது கிலோமீட்டரையும் ஒவ்வொன்றாக ஏலம் கூறுங்கள். சுசீந்திரம் கோபுரம் தெரிகிற கிலோமீட்டருக்குப் போட்டி இருக்கும். கொட்டாரத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் வருவார்கள். கடல் கண்ணில் படுகிற கடைசிக் கிலோமீட்டரைக் கடைசியில் கூறுங்கள். தனி ஆளாக முடியாதவர்கள் பள்ளிக்கூடத்து செட்டாக, ஆட்டோ ஸ்டாண்டாக, குடும்பமாகச் சேர்ந்து எடுக்கட்டும். இறந்துபோன அம்மாவின் நினைவாக ஒருவர் எடுப்பார். படுக்கையில் கிடந்து போன அம்மாவாக இருந்தால் அவர் விட்டே கொடுக்க மாட்டார். எடுத்தவர் பெயரை ஒரு தட்டியில் எழுதி அந்த இடத்தில் வையுங்கள். அன்றைக்கு அந்தக் கிலோமீட்டரில் தண்ணீர், மோர், மட்டிப்பழம் எல்லாம் அவர் பொறுப்பு. உங்களுக்குச் செலவும் மிச்சம்.

நடக்கிற பிள்ளைகளும் சும்மா வர வேண்டாம். தவக்காலத்தில் வீட்டுக்கு வீடு சின்ன உண்டியல் கொடுப்பார்கள் அல்லவா, அதுபோல ஆளுக்கு ஐந்து தகர டப்பா கொடுத்து ஐந்து வீடுகளில் வைக்கச் சொல்லுங்கள். பிடியரிசி எடுத்து வைத்துப் பழகிய வீடுகள் நம்முடையவை. சில்லறைதான் சேரும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் நடந்து போய்ச் சேரப்போகிற இடத்தில், கடலுக்குள் நிற்கிற விவேகானந்தர் மண்டபத்தைப் பாருங்கள். ஏகநாத் ரானடே அதற்குப் பணம் திரட்டியபோது மாநில அரசுகளிடமும் வாங்கினார், ஒரு ரூபாய் கொடுத்தவர்களிடமும் வாங்கினார். 1970 செப்டம்பரில் அது திறக்கப்பட்டபோது நாடு முழுக்க லட்சக்கணக்கானவர்களுக்கு அது தங்கள் காசில் எழுந்த கல்.

இலக்கைப் பெரிதாக அறிவிக்காதீர்கள். 2020இல் இங்கிலாந்தில் கேப்டன் டாம் மூர் நூறு வயதை எட்டப்போகும் நேரத்தில், நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டு முற்றத்தில் நூறு சுற்று நடந்தார். கேட்டது ஆயிரம் பவுண்டு, வந்தது மூன்று கோடிக்கு மேல். அப்படி உங்களுக்கும் கொட்டும் என்று சொல்லவில்லை. ஆயிரம் என்பது யாரும் எட்டிப்பிடிக்கக்கூடிய தொகை, அதனால் முதல் ஆள் தயங்காமல் கொடுத்தார். நீங்களும் ‘சேவைக்கு நிதி’ என்று போடாமல் ‘பத்து வாட்டர் பெட், ஒரு நர்ஸுக்கு ஆறு மாத வண்டிச் செலவு’ என்று போடுங்கள். அவருடைய கதையில் ஒரு பின்பாதியும் உண்டு. அவர் பெயரில் குடும்பத்தார் தொடங்கிய தனி அறக்கட்டளையால் அவர்களே பலனடைந்தார்கள் என்று 2024இல் அந்த நாட்டு அறக்கட்டளை ஆணையம் கண்டித்தது. நடந்து திரட்டிய பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பெயர் கெட்டது கெட்டதுதான்.

எனவே கணக்கு. உங்களில் ஒருவர் பெயரிலுள்ள கியூஆர் கோடை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பணம் நேராக அந்தக் குழுவின் அறக்கட்டளைக் கணக்குக்குப் போகட்டும், ரசீது அவர்களே தரட்டும். நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் அனுமதி, 80ஜி என்பார்கள், அவர்களுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்காது என்பதைக் கடைக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் ஆகும். அந்தப் பணத்தை வாங்க அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு இல்லையென்றால் சித்தப்பாவிடம் பணம் கேட்காதீர்கள், ஊருக்கு வந்து கூட நடக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மழை. அக்டோபரில் வானத்தை நம்ப முடியாது. விடியுமுன் கிளம்புங்கள், மாற்று நாள் ஒன்றையும் இப்போதே குறித்து வையுங்கள்.

ஏலம் கூறுவதற்கு மட்டும் உங்கள் நண்பர்களில் ஒருவரைப் போட்டுவிடாதீர்கள். மைக்கைப் பிடித்து ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டது. எந்தச் சபையிலும் அதற்கென்று ஒரு பெரியவர் இருப்பார். யார் வீட்டில் ரப்பர் விற்ற பணம் வந்திருக்கிறது, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ‘ஒருதரம், ரெண்டுதரம்’ சொல்லிவிட்டு மூன்றாவதைச் சொல்லாமல் யாரைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவரைப் பிடியுங்கள். தேதி முடிவானதும் எழுதுங்கள். எனக்கு முட்டு வலி, நடக்க வர மாட்டேன். ஏலத்துக்கு வருகிறேன்.

அன்புடன்