மெக்ரெகர் குடும்பப்பெயர்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: மெக்ரெகர் அயர்லாந்துப் பெயர் இல்லையா? எனக்குத் தெரிந்தது சண்டை வீரர் கானர் மெக்ரெகர் மட்டும்தான்.

பதில்: அவர் டப்ளின்காரர்தான், ஆனால் பெயர் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் பிறந்தது. கிரெகரின் மகன் என்று பொருள். 9ஆம் நூற்றாண்டு அரசன் கென்னத் மெக்கால்பினின் வம்சம் நாங்கள் என்று அந்தக் குலத்தார் சொல்லிக்கொள்வார்கள், அதற்கு ஆதாரம் கிடையாது. 14ஆம் நூற்றாண்டில் கிளென் ஆர்க்கி பள்ளத்தாக்கில் இருந்தார்கள் என்பதுதான் கொஞ்சம் உறுதியாகச் சொல்லக்கூடியது.

கேள்வி: ஒரு பெயரையே தடை செய்தார்களாமே, உண்மையா சார்?

பதில்: உண்மைதான். கேம்பெல் என்ற இன்னொரு குலத்தார் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துப்போட, மெக்ரெகர்கள் குத்தகைக்காரர்களாகி, அப்புறம் அதுவும் போய், மாடு திருடிப் பிழைக்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். 1603 பிப்ரவரியில் கிளென் ஃப்ரூயின் பள்ளத்தாக்கில் கஹூன் குலத்தாரை வெட்டிச் சாய்த்தார்கள். ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்து முடியை ஏற்க லண்டனுக்குக் கிளம்புவதற்கு இரண்டே நாள் முன்பு, ஏப்ரல் 3 அன்று, அந்தப் பெயரை வைத்துக்கொண்டால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. குலத்தலைவர் அலஸ்டரை அடுத்த ஜனவரியில் எடின்பரோவில் தூக்கில் போட்டார்கள். பிறகு நாலு பேருக்கு மேல் கூடக்கூடாது, கறி வெட்ட முனை மழுங்கிய கத்தி தவிர ஆயுதம் கூடாது என்றும் வந்தது. 1661இல் தடையை நீக்கி, 1693இல் திரும்பப் போட்டு, ஒருவழியாக 1774இல்தான் விட்டார்கள்.

கேள்வி: தடை இருந்தபோது மெக்ரெகர் குலத்தின் பேர்போன ராப் ராய் என்ன பெயரில் இருந்தார்?

பதில்: கேம்பெல்! அம்மா வீட்டுப் பெயர். நிலத்தைப் பிடுங்கிய குலத்தின் பெயரிலேயே ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது, கொடுமைதான்.

கேள்வி: கனடாவில் என்னோடு வேலை செய்பவர் கிராண்ட். முன்னோர் மெக்ரெகர் என்கிறார். நம்பலாமா?

பதில்: நடக்கக்கூடியதுதான். கிராண்ட், முர்ரே, டிரம்மண்ட், ஸ்டூவர்ட் என்று கிடைத்த பெயரில் புகுந்துகொண்டார்கள், தடை போன பிறகும் பலர் பழைய பெயருக்குத் திரும்பவில்லை. அதற்காக எல்லா கிராண்டும் மெக்ரெகர் ஆகிவிட மாட்டார்கள், கிராண்ட் தனியாகவே பெரிய குலம். பெயரைத் துரத்தாமல் ஊரைத் துரத்தச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்தில் 1855இலிருந்து பிறப்பு, இறப்புக்கான அரசுப் பதிவு இருக்கிறது, அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடு. சில பதிவேடுகளில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயரும் எழுதியிருக்கும், அது கிடைத்தால் அதிர்ஷ்டம். தந்தைவழி மரபணுச் சோதனையும் உதவும்.

கேள்வி: குலத்துக்கென்று கட்டம் போட்ட துணி உண்டாமே?

பதில்: உண்டு, ஆனால் குலத்துக்கு ஒரு கட்டம் என்கிற வழக்கம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. கிளென் ஃப்ரூயினில் யாரும் அதைப் பார்த்து ஆள் அடையாளம் கண்டிருக்க முடியாது.