வீட்டுக்கு மரத்தரை போட விரும்புகிறோம். காட்டை அழிக்காத மரம் எது?

மதுரையில் நீங்கள் கட்டிவரும் வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் மரத்தரை வேண்டும், அதற்காகப் புதிதாக ஒரு மரம் சாயக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே எண்ணத்தோடு கடை ஏறி ஏமாந்தவன் என்பதால் எழுதுகிறேன். ஏற்கெனவே ஒரு வீட்டைத் தாங்கி முடித்த மரத்தை வாங்குங்கள் என்பதே என் பதில்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், மூட்டுவலியால் அவதிப்படும் என் தாயார் மார்கழிக் குளிரில் டைல்ஸ் தரையில் கால் ஊன்ற முடியாமல் தவித்ததைப் பார்த்து, ஒரு கடையில் "இயற்கைக்கு உகந்த ஹார்டுவுட்" என்று சொன்னதை நம்பிப் பலகைகள் வாங்கிப் பதித்தேன். முதல் வாரம் முழுவதும் அறைக்குள் கண் எரிந்தது. ஐப்பசியில் சன்னலோரம் சாரல் பட்ட இடம் உப்பிக்கொண்டு எழும்பியது. அந்தத் துண்டைப் பெயர்த்து உடைத்தபோது, மர வரிகள் அச்சிட்ட ஒரு தாளும், அதன் அடியில் மர நாரை அழுத்திச் செய்த அட்டையுமே இருந்தன. இத்தகைய அட்டையின் பசையிலிருந்து கண்ணை எரிக்கும் ஃபார்மால்டிஹைடு வாயு வெளிவரும் என்பதும், அதன் அளவைக் காட்ட ஈ1 போன்ற தரக்குறியீடுகள் உண்டு என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அதே ஆண்டு மேலூர் அருகே எங்கள் தாத்தாவின் மச்சு வீட்டை இடித்தார்கள். பெரியப்பா வீட்டார் தங்கள் பங்கு உத்திரங்களை இடிப்புக் கூலிக்கு ஈடாக ஒப்பந்தக்காரரிடமே விட்டுவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. என் பங்குக்கு வந்தவை 10 அடி நீளமும் 6க்கு 4 அங்குலமும் கொண்ட எட்டுத் தேக்கு உத்திரங்கள். ஆசாரி அவற்றின் மேல் காந்தத்தை ஓட்டி, கொல்லர் கையால் அடித்த சதுர ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கண்ணில் படாமல் போன ஓர் ஆணி அறுவை மில்லின் வாளைப் பதம் பார்த்ததால், அதற்கும் சேர்த்துப் பணம் கொடுத்தேன். புகையேறிக் கறுத்த மேற்பரப்பில் இழைப்புளி ஒருமுறை போய் வந்ததும் உள்ளே தேன் நிறத்தில் வைரம் பாய்ந்த நடுமரம் தெரிந்தது. புதுத்தோல் போன்ற தேக்கின் மணம் பட்டறை முழுவதும் பரவியது. மொத்தம் 13 கன அடி மரம். வைரம் ஏறாத வெளிமரமான வெளிறையும் ஆணித் துளைகளையும் கழித்து முக்கால் அங்குலப் பலகைகளாக்கியதில் 12க்கு 10 அடி அறைக்குச் சரியாக இருந்தது.

மதுரை வெயிலுக்குச் சிமெண்ட் தரையும் ஆத்தங்குடிக் கல்லும் போதாதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். என் கூடத்திலும் சமையலறையிலும் அவைதான் இருக்கின்றன. தாத்தா வீடு எல்லோருக்கும் வாய்க்காது என்பதும் உண்மையே. ஆனால், இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கு காரைக்குடிக் கடைகளில் விலைக்குக் கிடைக்கிறது. நிற்கும் வீட்டை மரத்துக்காக இடிக்கத் தூண்டாதீர்கள். விழுந்துவிட்ட வீட்டின் மரத்தைத் தட்டிப் பார்த்து, உளுத்த பொடி கொட்டவில்லை என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிய மரம்தான் என்றால், பர்மா தேக்கு என்ற பெயருக்கு மயங்க வேண்டாம். பர்மா எனப்பட்ட மியான்மர் 2014இல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. தோட்டத் தேக்குக்கு, காட்டைப் பொறுப்போடு பராமரித்து எடுத்த மரம் என்று காட்டும் எஃப்.எஸ்.சி. அமைப்பின் சான்று உண்டு என்று கடைக்காரர் வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். சான்று எண்ணைப் பில்லில் எழுதி வாங்கி, அந்த அமைப்பின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். பால் குறைந்தபின் வெட்டப்படும் கன்னியாகுமரி மாவட்ட ரப்பர் மரமும் நல்லதே. ஆனால் மருந்தேற்றாவிட்டால் பூச்சி அரிக்கும், ஈரமும் அதற்கு ஆகாது.

எந்த மரமானாலும் பலகைகளை அதே அறையில் இரண்டு வாரமாவது அடுக்கி வைத்திருந்து, மழைக்காலம் தவிர்த்து, சுவரோரம் அரை அங்குலம் விட்டுப் பதியுங்கள். நாங்கள் மாசியில் பதித்தோம். நான்கு கோடைகள் கடந்தும் கதவருகே ஒரே ஓர் இணைப்பில்தான் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுகிறது. அதுவும் ஐப்பசியில் தானாக மூடிக்கொள்கிறது.