ஈரத்தில் வாடும் தக்காளி

கேள்வி: தக்காளி நட்டு 40 நாள் ஆகிறது. அடைமழையில் வயலில் 2 நாள் தண்ணீர் நின்றுவிட்டது. மண் இன்னும் சொதசொதவென்று இருக்கிறது, ஆனாலும் வெயில் ஏறினால் செடிகள் துவண்டு விழுகின்றன. இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்து தொங்குகின்றன, அடியிலைகள் மஞ்சளாகின்றன. செடியில் சக்தி இல்லை என்று சொல்லி மருந்துக்கடைக்காரர் ஒரு எனர்ஜி டானிக் கொடுத்திருக்கிறார். சர்க்கரையும் அமினோ அமிலமும் கலந்ததாம், வேரில் ஊற்ற வேண்டுமாம். எவ்வளவு ஊற்றலாம்? கூடவே யூரியாவும் போடவா?

பதில்: டானிக்கை ஊற்றாதீர்கள். யூரியாவும் இப்போது வேண்டாம். எவ்வளவு ஊற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நின்ற தண்ணீர் எந்தப் பக்கமாக வெளியே போனது, முழுதாகப் போனதா என்பது பற்றிக் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லையே தம்பி!

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. செடியில் சக்தி இல்லைதான். ஆனால் அதற்குக் காரணம் சர்க்கரைப் பஞ்சம் இல்லை. வேரின் ஒவ்வொரு செல்லும் இலையிலிருந்து இறங்கி வரும் சர்க்கரையை ஆக்சிஜன் கொண்டு சிதைத்து, அதிலிருந்து ஏடிபி என்ற மூலக்கூறைச் செய்துகொள்கிறது. செல்லுக்குள் செலவுக்கு ஆவது அந்த ஏடிபிதான், சர்க்கரை அல்ல. ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸுக்கு ஏறக்குறைய 30 ஏடிபி கிடைக்கும். இல்லாவிட்டால் வெறும் 2. மீதிச் சக்தி எத்தனாலுக்குள் சிக்கி வீணாகிறது. ஆமாம், உங்கள் தக்காளி வேர் இப்போது சாராயம் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. அந்த 2 ஏடிபியை வைத்துக்கொண்டு உயிரைப் பிடித்து வைப்பதே பாடு. நைட்ரேட்டையும் பொட்டாசியத்தையும் உள்ளே இழுக்க அதற்குத் தெம்பு ஏது? அடியிலை மஞ்சளாவது அதனால்தான்.

இலைக்குக் காற்று சுற்றிலும் இருக்கிறது. வேருக்கு மண்துகள்களின் இடைவெளியில் இருக்கும் காற்றுதான் கதி. அந்த இடைவெளியைத் தண்ணீர் அடைத்துவிட்டால், ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் உள்ளே போகும். நெல்லுக்குத் தண்டு வழியாக வேர் வரை காற்றுக் குழாய் இருக்கிறது, அது தாங்கும். தக்காளிக்கு அந்த வசதி இல்லை.

ஈரத்தில் ஏன் வாட வேண்டும் என்று நினைப்பீர்கள். மூச்சு முட்டிய வேர்ச்செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறும்போது அதன் நீர் வாசல்கள் மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாது. காம்பு தொங்குவது வேறு கதை. எத்திலீன் என்பது செடியே செய்துகொள்ளும் ஒரு வாயு ஹார்மோன். அதைச் செய்ய வேண்டிய மூலப்பொருள் வேரில் சேர்கிறது, ஆனால் அதை எத்திலீனாக மாற்ற ஆக்சிஜன் வேண்டும். அதனால் அந்த மூலப்பொருள் மேலே ஏறிப்போய் இலையில்தான் எத்திலீன் ஆகிறது, காம்பை வளைக்கிறது.

இப்போது டானிக் விஷயம். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களும் மூச்சு விடுகின்றன. அவற்றுக்குச் சர்க்கரையைக் கொடுத்தால் பல மடங்கு பெருகி, வேருக்கு மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் குடித்துவிடும். மட்காத சாணத்தை ஈர மண்ணில் கொட்டுவதும் இதே தப்பு. யூரியா போட்டால், அது மண்ணில் நைட்ரேட்டாக மாறியதும் இன்னொரு கூட்டம் காத்திருக்கிறது: ஆக்சிஜன் கிடைக்காத சில பாக்டீரியாக்கள் அதற்குப் பதிலாக நைட்ரேட்டை வைத்துச் சுவாசிக்கும். உங்கள் தழைச்சத்து வாயுவாகிப் பறந்துபோகும்.

எந்தப் பயிரைப் பற்றிக் கேட்டாலும் நான் வடிகாலைத்தான் பேசுகிறேன் என்று ஒரு புகார் உண்டு. பேசத்தான் செய்வேன். வடிகாலை பாட்டிலில் அடைத்து விற்க முடியாது, அதனால் கடையில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். வயலின் பள்ளமான மூலையைக் கண்டுபிடித்து, வரப்பை வெட்டி வழி விடுங்கள். அங்கிருந்து வரிசைகளுக்கு நடுவே மண்வெட்டி ஆழத்துக்கு வாய்க்கால் எடுங்கள். அப்புறம் ஓரிடத்தில் ஒரு அடிக்குக் குழி தோண்டிப் பாருங்கள். குழியில் தண்ணீர் ஊறி நின்றால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். மேல்மண் கையில் ஒட்டாமல் உதிரும் வரை உள்ளே அதிகம் நடமாடாதீர்கள், டிராக்டரை இறக்கவே இறக்காதீர்கள். ஈர மண்ணை மிதித்தால் இருக்கும் இடைவெளியும் இறுகிவிடும். மண் உதிர்ந்த பிறகு களைக்கொத்தால் மேலாகக் கொத்தி விட்டால் போதும்.

இதெல்லாம் முடிந்து புதுத்துளிர் தெரிந்தால், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கலந்து மாலையில் இலையில் தெளியுங்கள். வேர் தேறும் வரை இலை வழியாகக் கொஞ்சம் ஊட்டலாம்.

அதற்கு முன் அங்கங்கே சில செடிகளைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால், அல்லது தண்டின் அடியில் புது வேர் முளைக்கும் புடைப்புகள் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளும். பழுப்பேறி, தோல் உறைபோல உருவிக்கொண்டு வந்தால் அந்தச் செடி முடிந்தது, செலவு செய்யாதீர்கள். காலியான இடத்தில் அவசரப்பட்டு மறுநாளே நாற்று நடவும் வேண்டாம். குழியில் தண்ணீர் ஊறுவது நின்றபிறகு நடுங்கள், அதுவும் மேட்டுப்பாத்தியில்.