டம்ளருக்கு அடியில் ஒரு கேலக்ஸி

வணக்கம் சார்.

சனிக்கிழமை வாசலில் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, உங்கள் பெண் வானியல் படிக்க ஆசைப்படுவதைப் பற்றி, "நட்சத்திரம் எண்ணினால் சோறு போடுமா?" என்று கேட்டீர்கள். நின்றபடி பதில் சொல்லும் கேள்வி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் பெண் போனில் வைத்திருக்கும் படம், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்து 2022 ஜூலையில் வெளியானது. அதில் இருப்பது எஸ்மேக்ஸ் 0723 என்ற கேலக்ஸிக் கொத்து, அதாவது ஈர்ப்பால் சேர்ந்திருக்கும் பல கேலக்ஸிகள். அங்கிருந்து ஒளி கிளம்பி 460 கோடி ஆண்டுகள் ஆகின்றன. வில் வில்லாக வளைந்து கிடப்பவை கொத்துக்கும் பின்னால் இருக்கும் கேலக்ஸிகள். கொத்தின் நிறை அவற்றின் ஒளியை வளைத்துப் பெரிதாக்குகிறது. அடி கனமான கண்ணாடி டம்ளரைத் தினத்தாள் மேல் வைத்துப் பாருங்கள், எழுத்துகள் இழுபட்டு வளையும். அந்த மாதிரிதான். ஒரே கேலக்ஸி இரண்டு மூன்று இடத்தில் தெரிவதும் உண்டு.

அந்தப் படத்தைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்து, "இதில் ஒரே கேலக்ஸியின் பிம்பங்கள் எவை?" என்று கேட்டேன். நாற்பது நிமிடம் பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு ஜோடியை வட்டமிட்டு, "கலர் ஒத்துவரல சார்" என்று தானே அழித்தாள். படம் அழகு என்று மயங்குகிறவர்கள் இவ்வளவு நேரம் உட்கார மாட்டார்கள்.

இந்தத் துறையில் வேலை என்பதே கணக்கு. 2014 நவம்பரில் எம்ஏசிஎஸ் ஜே1149 என்ற கொத்துக்குப் பின்னால் வெடித்த ஒரு விண்மீன் நான்கு பிம்பங்களாகத் தெரிந்தது. ரெஃப்ஸ்டால் என்று பெயர் வைத்தார்கள். ஒளி வரும் பாதைகளின் நீளம் வேறு வேறு. அதனால் இன்னொரு பிம்பம் தாமதமாக வரும் என்று பல குழுக்கள் முன்கூட்டியே கணித்தன. 2015 டிசம்பரில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி அதைப் பிடித்தது. கொத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிறையை மட்டும் கூட்டும் கரும்பொருள் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் மாதிரி கட்டிப் பார்த்தவர்களின் உழைப்பு அது. அந்தக் கைப்பழக்கத்துக்கு டேட்டா சயன்ஸிலும் வேலை உண்டு.

சரி, வழி. அஸ்ட்ரானமி என்று பெயர் போட்ட பட்டத்தைத் தேடி அலையாதீர்கள், இயற்பியல் போதும். ஐசர், நைசர் இரண்டும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்கள். ஐசருக்கு ஐஏடி, நைசருக்கு நெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வுகளை எழுதட்டும். கிடைக்காவிட்டால் பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், அப்புறம் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. முனைவர் படிப்புக்கு ஜெஸ்ட் என்ற தேர்வு இருக்கிறது. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் நிரல் மொழியை இப்போதே தொடங்கலாம்.

மறைக்க மாட்டேன்: முனைவர் பட்டம் வரை சுமார் பத்து ஆண்டு ஆகும், நிரந்தர ஆராய்ச்சிப் பணியிடங்கள் குறைவு. ஆனால் தேசிய நிறுவனங்களில் முனைவர் படிப்புக்கு மாதாமாதம் உதவித்தொகை வரும், நீங்கள் கடன் வாங்க வேண்டியதில்லை.

அடுத்த முறை அந்தப் பிரின்ட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். இன்னொரு ஜோடி பாக்கி இருக்கிறது.