பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்கை எஸ்எஸ்டிக்கு குளோன் செய்தால் (அப்படியே நகலெடுத்தால்) விண்டோஸும் மற்ற மென்பொருள்களும் மறுபடி ஆக்டிவேஷன் கேட்குமா?

அதே லேப்டாப்பில் டிஸ்கை மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால், விண்டோஸைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். காசு கொடுத்து வாங்கிப் போட்டிருக்கும் மற்ற மென்பொருள்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டை வைத்துத்தான் இயந்திரத்தை அடையாளம் காண்கிறது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்பனைக்கு வந்த லேப்டாப்களில் கீ பெரும்பாலும் மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளில்) இருக்கும். டிஸ்கைக் கழற்றினாலும் அது எங்கும் போகாது. வேறு லேப்டாப்புக்கு மாற்றுவதென்றால் கதை வேறு. லேப்டாப்போடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த லேப்டாப்புக்கு மட்டும்தான்; தனியாக வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸை மட்டுமே கூட எடுத்துப்போக முடியும்.

மற்ற மென்பொருள்களில் ஆளுக்கொரு வழி. ஒன்று பார்ட்டிஷனின் (சி, டி என்று டிஸ்கைப் பிரித்த பகுதியின்) வால்யூம் சீரியல் எண்ணைப் பார்க்கும், இன்னொன்று நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை, வேறொன்று டிஸ்கின் சொந்த சீரியல் எண்ணை. வால்யூம் எண் குளோனோடு சேர்ந்தே வந்துவிடும். மேக் முகவரி லேப்டாப்பில்தான் இருக்கிறது, மாறாது. சிக்கல் மூன்றாவதில். டிஸ்கின் சீரியல் எண் தொழிற்சாலையிலேயே பதிந்து வருவது. எந்தக் குளோன் மென்பொருளும் அதை நகலெடுப்பதில்லை. போதாததற்கு, சில பழைய லைசென்ஸ் முறைகள் எந்தப் பார்ட்டிஷனிலும் சேராத, டிஸ்கின் ஆரம்பத்தில் இருக்கும் செக்டர்களில் (டிஸ்கின் மிகச் சிறிய துண்டுகளில்) தகவலை ஒளித்து வைக்கும். சி டிரைவை மட்டும் நகலெடுத்தால் அது விட்டுப்போகும். அதனால் எப்போதும் முழு டிஸ்கையும் குளோன் செய்யுங்கள்.

நண்பர் ஒருவரின் லேப்டாப்பில் எம்பிராய்டரி டிசைன் செய்யும் பழைய மென்பொருள் இருந்தது. குளோன் முடிந்து புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் சுத்தமாகத் திறந்தது, ஆக்டிவேஷனும் அப்படியே இருந்தது. அந்த மென்பொருள் மட்டும் லைசென்ஸ் பெட்டியைக் காட்டி நின்றுவிட்டது. பழைய டிஸ்கில் இருந்தபோதே அதன் மெஷின் கோடை (கணினியை அடையாளம் காண அந்த மென்பொருள் காட்டும் எண்ணை) போனில் படம் பிடித்து வைத்திருந்தோம். அதையும் புது டிஸ்கில் காட்டிய கோடையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முன்பாதி எழுத்துகள் அச்சு அசலாக அதேதான், பின்பாதி மட்டும் வேறு. இரண்டு படங்களையும் வாங்கிய ரசீதோடு தயாரித்தவர்களுக்கு அனுப்பினோம். புது ஆக்டிவேஷன் கோடு கொடுத்துவிட்டார்கள். பழைய மெஷின் கோடு கையில் இருந்ததால்தான் அதே லேப்டாப் என்று காட்ட முடிந்தது.

ஆகவே, குளோன் செய்யும் முன் ஒவ்வொரு மென்பொருளையும் திறந்து, லைசென்ஸ் பக்கத்தைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். டீஆக்டிவேட் வசதி இருந்தால் பழைய டிஸ்கில் இருக்கும்போதே டீஆக்டிவேட் செய்துவிட்டு, புது டிஸ்கில் மறுபடி ஆக்டிவேட் செய்வதுதான் நல்லது. குளோனில் போய் டீஆக்டிவேட் செய்தால் "இது வேறு கணினி" என்று மறுக்கலாம். இரண்டு கணினிக்கு மட்டும் அனுமதி தரும் லைசென்ஸ் என்றால், செத்துப்போன டிஸ்கின் பெயரில் ஓர் இடம் மாட்டிக்கொண்டு நிற்கும்.

இதற்கு ஒரே விதிவிலக்கு, சாகக் கிடக்கும் டிஸ்க். ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே தரும் அறிக்கை) பெண்டிங் செக்டர், அதாவது படிக்கத் தடுமாறும் செக்டர் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் இருந்தாலோ, டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டாலோ, லைசென்ஸை மறந்துவிட்டு முதலில் தரவை எடுங்கள். அதிலிருந்து விண்டோஸை ஒவ்வொரு தடவை பூட் செய்வதும் ஆபத்து. பென்டிரைவில் லினக்ஸை பூட் செய்து, டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியால் நகலெடுக்கலாம். படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப்போய், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வந்து முயலும். எதுவரை முடிந்தது என்று ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொள்வதால் பாதியில் நின்றாலும் தொடரலாம்.

அளவையும் பாருங்கள். 500 ஜிபி ஹார்ட் டிஸ்குக்கு 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினால், உள்ளே 100 ஜிபிதான் தகவல் இருந்தாலும், குளோனசில்லா என்ற இலவசக் குளோன் மென்பொருள் இயல்பாகவே மறுத்துவிடும். கடைசிப் பார்ட்டிஷனை முதலில் சுருக்க வேண்டியிருக்கும். கொஞ்சம் பெரிதாகவே வாங்கிவிடுங்கள், தலைவலி மிச்சம். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் ரெக்கவரி கீயை வேறெங்காவது எழுதி வைத்துக்கொண்டு, குளோனுக்கு முன் அதை முழுவதுமாக ஆஃப் செய்யுங்கள்.

குளோன் முடிந்ததும் பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டுத்தான் முதல் தடவை பூட் செய்ய வேண்டும். இரண்டுக்கும் டிஸ்க் அடையாளம் ஒன்றாக இருப்பதால் விண்டோஸ் குழம்பி ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும். அதை ஆன்லைனுக்குக் கொண்டுவந்தால் அடையாளத்தை மாற்றி எழுதும், பிறகு அந்த டிஸ்க் பூட் ஆகாமல் போகலாம்.

அப்புறம், எல்லா மென்பொருளையும் ஒரு தடவையாவது திறந்து பார்க்கும் வரை பழைய டிஸ்கை ஃபார்மேட் செய்யாதீர்கள். தயாரித்த நிறுவனமே மூடிப்போயிருந்தால் புது ஆக்டிவேஷன் தர ஆளிருக்காது. அந்த மென்பொருள் பழைய டிஸ்கில்தான் திறக்கும் என்றால், அதை மாட்டி, உங்கள் கோப்புகளை மற்ற மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய வடிவத்தில் ஒவ்வொன்றாக எக்ஸ்போர்ட் செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.