வடக்கே தலை வைத்தால் இரும்பு என்ன ஆகும்?

கேள்வி: வடக்கே தலை வைத்துப் படுத்தால், இரத்தத்தில் இருக்கும் இரும்பைப் பூமியின் காந்தம் மூளைக்கு இழுத்துவிடும் என்கிறார் என் மாமியார். உண்மையா?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: 'உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு' என்று என் அப்பத்தாவும் சொல்வார். ஆனால் இரும்பைப் பற்றி அவர் மூச்சுவிட்டதில்லை. அது பிற்பாடு யாரோ ஒட்டிய லேபிள்.

நம் உடம்பில் மூன்று, நான்கு கிராம் இரும்பு உண்டு. அதில் பெரும்பகுதி ஹீமோகுளோபினுக்குள் தனித்தனி அணுக்களாகக் கட்டுண்டு கிடக்கிறது. ஆணியைப் போல அது காந்தத்தில் ஒட்டாது. பிராணவாயு ஏறிய இரத்தத்தைக் காந்தம் மிக மெலிதாகத் தள்ளவே செய்யும் என்று வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் 1936-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். சென்ற ஆண்டு முதுகுவலிக்காக எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அரைமணி நேரம் கிடந்தேன். அதன் காந்த வலிமை 1.5 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). நம் பக்கத்துப் பூமிக் காந்தத்தைப் போல 30,000 மடங்குக்கும் மேல்! மூளை இருந்த இடத்திலேயே இருக்கிறது. (என் மனைவிக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு.)

காந்தத்துக்கு நிஜமாகவே கட்டுப்படும் உயிரைப் பார்க்க வேண்டுமானால் சேற்றில் தேட வேண்டும். அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ரிச்சர்ட் பிளேக்மோர், உட்ஸ் ஹோல் பகுதிச் சேற்றுத் துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சில பாக்டீரியாக்கள் எப்போதும் ஒரே ஓரத்துக்கு நீந்தின. வெளிச்சம்தான் காரணமோ என்று மறைத்துப் பார்த்தார், மாறவில்லை. ஒரு காந்தத்தை அருகில் கொண்டு சென்றதும் கூட்டமே திரும்பியது! 1975-ல் இது வெளியானது. அவற்றின் உடலுக்குள் மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதுவின் படிகங்கள் மணிமாலை போலக் கோத்துக் கிடக்கின்றன. இவற்றுக்குப் பிராணவாயு குறைந்த அடிச்சேறுதான் பிடிக்கும். ஆனால் மேல் எது, கீழ் எது என்று புவியீர்ப்பை வைத்து அறிய முடியாத அளவுக்குச் சிறியவை. வடகோளத்தில் பூமியின் காந்தக் கோடுகள் வடக்கு நோக்கிக் கீழே சரிகின்றன. எனவே வடக்கே நீந்தினால் சேறு வந்துவிடும். தென்கோளத்து உறவினர்கள் தெற்கே நீந்துகிறார்கள்.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். பூமியின் காந்தக் கோடுகள் மேலும் கீழும் சரியாமல் கிடையாக ஓடும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு உங்கள் பக்கமாகத்தான் போகிறது. 1963-ல் திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து ராக்கெட் ஏவத் தொடங்கியதும் அந்தக் கோட்டை வைத்துத்தான். மேலும் கீழும் அசையக்கூடிய காந்த ஊசி சென்னையில் சற்றே குனியும். உங்கள் ஊரில் ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். அங்கே இந்தப் பாக்டீரியா எந்தப் பக்கம் போகும்? இதே கோடு அந்நாளில் அருகே சென்ற பிரேசிலின் ஃபோர்டலேசாவில் அப்போது அள்ளிய சேற்றில் வடக்கே போகிறவையும் தெற்கே போகிறவையும் ஏறக்குறையச் சரிபாதியாக இருந்தன. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது தாமிரபரணிச் சேற்றை நுண்ணோக்கியில் பார்த்தால் எனக்கு ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள். மாமியாரிடம் மட்டும் வாதம் வேண்டாம். கட்டிலைத் திருப்பிப் போடுவது சுலபம்.

கேள்வி: புறாவின் அலகில் காந்த ஊசி இருக்கிறதாமே?
(வாசகர், சாத்தூர்)

பதில்: நானும் வகுப்பில் அப்படித்தான் நடத்தினேன். 2012-ல் வியன்னாவில் டேவிட் கீஸ் குழுவினர் புறா அலகுகளை மெல்லிய சீவல்களாக அறுத்துப் பார்த்தார்கள். இரும்பு இருந்த செல்கள் காந்தத்தை உணர்ந்து மூளைக்குச் சொல்லும் நரம்பு செல்களே அல்ல. கிருமிகளையும் கழிவையும் விழுங்கும் துப்புரவு செல்கள். என்னிடம் படித்தவர்கள் மன்னிக்கவும்.